நான்காம் ஜன்னலின் இருட்டு

அத்தியாயம் ஆறு

முதுவேனில் தன் ஆட்சியை முடித்துக்கொள்ள மனமின்றி நகரத்தின்மீது சாய்ந்து கிடந்தது. பலமுறை வெளுத்த துணியைப்போல் வானம் நிறம் இழந்து நின்றது. ஓதுவதை நிறுத்திவிட்டு ஓதியதன் பொருளை நினைந்திருக்கும் அடியவரைப்போல் மரங்கள் இலையசையாது அடங்கியிருந்தன. பகலெல்லாம் பருகிய வெம்மையைக் கற்சுவர்கள் மெல்ல மெல்ல மூச்சாக வெளிவிட்டன. புறாக்களும் பறத்தலை ஒத்திவைத்து மாடங்களின் நிழலில் கண்மூடியிருந்தன. உலகம் முழுவதும் ஒரு துளி நீருக்காக ஏந்திய கையாக இருக்கும் அத்தகைய பருவத்தில், மனிதன் தன் சிறுமையை உணர்ந்து தலைகுனிவது இயல்பு.

பூதக்கண்ணாடியாரும் தலைகுனிந்துதான் நின்றார். அவர் செருப்பின் வார் அறுந்திருந்தது.

"மாமா, செருப்புல ஏதாவது தடயம் கிடைச்சுதா?" என்றாள் உடன் வந்தவள்.

"வார் அறுந்துபோச்சு."

"பரவாயில்லையே. இந்த வழக்குல முதல் தடவையா ஒரு விஷயம் உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சிருக்கு."

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆனால் கத்தரிக்காய் வாங்கும்போதும் கைக்கண்ணாடியை எடுத்து ஆராய்ந்த பாவத்தால் தெருவார் அவரைப் பூதக்கண்ணாடியார் ஆக்கிவிட்டனர். அவளோ அவருடைய அக்காள் மகள். வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கட்சிக்காரர் ஒருவர் தம் துயரக் கதையைச் சொல்லும்போது சிரித்துவிட்டதால் வேலை போயிற்று. அன்றுமுதல் துப்பறியும் தொழில் செய்யும் மாமனுக்கு உதவியாளர். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்பெயரை அவள் பட்டம்போல் அணிந்திருந்தாள்.

இருவருக்கும் எதிரே பழைய பள்ளிவாசல் நின்றது. கடலில் கணவனை இழந்த ஒரு கப்பல் வணிகரின் மனைவி, தன் நகைகளைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றி எழுப்பிய பள்ளி அது. தொழுகைக் கூடத்தின் முன்கோடியில், தொழுவோர் முகம் நோக்கவேண்டிய கிப்லாத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் எதிரில், அவள் தன் கையாலேயே தொங்கவிட்ட கண்ணாடி விளக்கு தலைமுறை தலைமுறையாக எரிந்துவந்தது. நான்கு நாட்களுக்கு முன் அது காணாமற்போயிற்று.

நடந்தது இதுதான். மிஹ்ராபின் மேல்வளைவில் விரிசல் கண்டது. சாரம் கட்டிப் பூசத் தொடங்கினார்கள். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார், விளக்கைச் சங்கிலியோடு இறக்கி, ஒரு மரப்பெட்டியில் பொதிந்து, தூசி எட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று கூடத்தின் பின்கோடி ஜன்னலின் மேடையில் வைத்தார். பிறகு கை கழுவ வெளியே போனார். திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. கூடத்துக்கு வாசல் ஒன்றே. அந்த வாசலில் கொத்தனார் தம் ஆட்கள் அனைவரையும் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். மோதினாரைத் தவிர ஓர் ஈ காக்கைகூட உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார்.

பள்ளிவாசலின் பொறுப்பாளரான முத்தவல்லி இதைக் கேட்டதும் வழக்கை முடித்துவிட்டார். பெருந்தன்மையோடுதான் முடித்தார். செய்தி வெளியே கசிந்தால் பள்ளிக்கு இழுக்கு. ஆகவே தாம், மோதினார், கொத்தனார், தொழுகை நடத்தும் இமாம் ஆகிய நால்வரைத் தவிர எவருக்கும் தெரியக்கூடாது, வீட்டிலும் மூச்சு விடக்கூடாது. இன்றைய மாலைத் தொழுகையான அஸருக்குள் விளக்கு திரும்பவேண்டும். இல்லையேல் மோதினார் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, உடல்நலமில்லை என்று சொல்லிக்கொண்டு மனைவியோடு ஊரை விட்டுப் போய்விடவேண்டும். நால்வரில் ஒருவரான இமாமுக்கு இந்தத் தீர்ப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர்தாம் நகரத்தின் மறுகோடிக்கு வந்து, கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பூதக்கண்ணாடியாரின் கதவைத் தட்டினார். தொழ வருகிறவர்களோ, வேலை முடியும்வரை விளக்கை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

இந்த நான்கு நாட்களில் பூதக்கண்ணாடியார் சும்மா இருந்தார் என்று எவரும் சொல்லிவிட முடியாது. சும்மா இருந்திருந்தால் உடம்பாவது மிஞ்சியிருக்கும். விளக்கு சுண்ணாம்புத் தொட்டிக்குள் ஒளிந்து வெளியேறியது என்று துணிந்து, தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, விரல்களை வேகவைத்துக்கொண்டார். மரப்பெட்டி ஏந்திய ஒருவரைப் பின்தொடர்ந்து பல் மருத்துவரின் கூடம்வரை சென்று, அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாமல் நல்ல பல் ஒன்றைப் பறிகொடுத்துத் திரும்பினார். திருட்டு நடந்த இடம் ஒன்றைத் தவிர நகரத்தின் ஏனைய இடங்களை எல்லாம் ஆராய்ந்துவிட்ட நிறைவு அவருக்கு இருந்தது.

"இன்னைக்கு அந்த ஜன்னலைப் பார்த்துடுவோம்," என்றார், கட்டுப்போட்ட விரல்களால் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.

"அவசரப்படாதீங்க மாமா. இன்னும் ரெண்டு பல் மருத்துவர் பாக்கி இருக்காங்க."

இமாம் வாசலிலேயே காத்திருந்தார். நடுவயது, தாழ்ந்த குரல், கவலையால் இன்னும் தாழ்ந்திருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதுங்களா?"

"எது எதெல்லாம் தெரியாதுங்கிறது தெளிவாயிடுச்சு, ஹஜ்ரத்," என்றார் பூதக்கண்ணாடியார்.

"அதுவே ரொம்ப நீளமாப் போகுது ஹஜ்ரத்," என்றாள் வாயாடி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு.

கூடத்துக்குள் கால் வைத்ததும் வெளியுலகின் வெம்மை கதவோடு நின்றுவிட்டது. பருத்த தூண்கள் வரிசை வரிசையாக நின்று வளைவுகளைத் தோளில் தாங்கின. முன்கோடியில் மிஹ்ராபைச் சாரம் மறைத்திருந்தது. அதற்குமுன், மேலிருந்து இறங்கிய வெறும் சங்கிலி எதையும் பிடிக்காமல் தொங்கியது. தெருவை ஒட்டிய இடப்பக்கச் சுவரில் முன்னிருந்து பின்னாக நான்கு ஜன்னல்கள்; நான்குக்கும் பச்சை வண்ணம் பூசிய மரப்பின்னல். சாய்வெயில் அந்தப் பின்னல் வழியே நுழைந்து பாய்மீது பூக்கோலம் வரைந்திருந்தது. கோலங்கள் மூன்றே.

பூதக்கண்ணாடியார் இதைக் கவனித்தார். கவனித்தோம் என்று தமக்குத் தாமே ஒருமுறை பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

முதல் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். மணிக்கட்டு நுழைவதற்குள் விரல் மரப்பின்னலைத் தொட்டது. இரண்டாவதில் முழங்கை வரை போயிற்று. மூன்றாவதில் தோள் வரை நுழைத்தும் நுனிவிரல் எதையும் தொடவில்லை. முகம் சுவரில் நசுங்கியதுதான் மிச்சம்.

"மாமா, இந்தச் சுவரும் உங்க வயிறும் ஒரே ஜாதி. போகப் போகப் பெருக்குது."

"அது ஏன்னு கேளு."

"நீங்க தோசைக்கு நெய் விடுறதால."

"சுவரைச் சொல்றேன்!"

இமாம் புன்னகைத்தார், நான்கு நாட்களில் அது முதல் புன்னகையாக இருக்கலாம். "அதுக்கு ஒரு கதை இருக்குங்க. பள்ளி கட்டறதுக்கு முன்னாடியே இந்தத் தெரு இருந்துச்சு. தெரு ஒரு பக்கம் ஓடுது, கிப்லா வேற பக்கம் இருக்கு. கிப்லாவுக்கு நேரா வெளிச்சுவரைக் கட்டினா, ஒரு மூலை தெருவுக்குள்ள வந்து வண்டி போற வழியை மறிக்கும். தெருவோட வரிசையில உள்ளேயும் கட்டினா, தொழுகை கோணலாப் போயிடும். கட்டின அம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டு, வெளிப்பக்கம் தெருவை அனுசரிச்சுப் போகட்டும், உள்பக்கம் கிப்லாவுக்குத் திரும்பட்டும்னு சொல்லிட்டாங்களாம். அதனால சுவர் முன்கோடியில ஒல்லி, பின்கோடியில குண்டு. ஒரு பெரிய ஆப்பு மாதிரி."

வெளியே ஊருக்கு மரியாதை, உள்ளே இறைவனுக்கு வணக்கம். இரண்டுக்கும் இடையே எழும் கோணலை எல்லாம் ஒரு சுவர் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு வெளியே தெரியாமல் நிற்கிறது. பூதக்கண்ணாடியார் ஒரு கணம் மெய்ம்மறந்தார். தம் வாழ்நாளில் தாம் கட்டிய எதுவும், செருப்பு வார் உட்பட, இத்தனை நாள் நின்றதில்லை என்ற எண்ணமும் வந்தது.

"அப்படின்னா, ஹஜ்ரத், நாலாவது ஜன்னல்தானே எல்லாத்தையும்விட ஆழமா இருக்கணும்?"

"ஆமா. இருக்கணும்."

அவர் நான்காவதற்குள் கையை நீட்டினார். முழங்கைகூட முழுதாக நுழையவில்லை. பின்னல் அங்கேயே நின்றது. அதன் கண்களுக்குப் பின்னால் இருட்டு.

இமாம் திகைத்து நின்றார். "எத்தனை வருஷமா இங்கே தொழ வைக்கிறேன்! இது என் கண்ணுல பட்டதே இல்லையே."

"நீங்க எப்பவும் முன்னாடி பார்த்துத்தானே நிக்கிறீங்க ஹஜ்ரத்," என்றாள் வாயாடி. "பின்னாடி நிக்கிறவங்க உங்களைப் பார்க்கிறாங்க. ஜன்னலை யாரு பார்க்கிறது?"

உடனே மாமனும் மருமகளும் தெருவுக்கு ஓடினார்கள். ஓடினாள் என்பதே சரி. அவர் ஒற்றைச் செருப்போடு தத்தித் தத்திச் சென்றார். வெளிச்சுவரில் ஜன்னல்கள் நான்கும் ஒரே அளவில், ஒரே வரிசையில், ஒன்றும் அறியாதவைபோல் நின்றன. நான்கிலும் வெயில் சரிசமமாக அடித்தது.

"பார்த்தியா? வெளியே நாலாவது ஜன்னல்ல வெயில் நுழையுது. உள்ளே வந்து சேரல. நடுவுல போய் எங்கே தங்குது? அங்கே ஓர் அறை இருக்கு!" கட்டுப்போட்ட விரலால் சுவரைக் காட்டினார். "சுவருக்குள்ள ஓர் இரகசிய அறை!"

"மாமா, அந்த ஜன்னல் விளிம்புல ஒரு டம்ளர் இருக்கு."

"என்ன?"

"டம்ளர். கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. தண்ணி இன்னும் சொட்டுது."

"கட்டடக் கலையின் உச்சத்துல நின்னு பேசிக்கிட்டு இருக்கேன். நீ பாத்திரம் கழுவுறதைப் பத்திப் பேசுறே."

"பேய் டீ குடிக்குமா மாமா?"

"அற்ப விஷயத்துல கவனத்தைச் சிதறவிடாதே. பெரிய சிந்தனை வேற, சின்னப் பார்வை வேற."

"சரி மாமா. நீங்க பெருசாச் சிந்திங்க. நான் அந்தச் சந்துல கொஞ்சம் நிழலா நின்னுட்டு வர்றேன்," என்று சொல்லி அவள் பள்ளியின் பின்புறச் சந்தில் திரும்பி மறைந்தாள்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வெயிலைத் தாங்கும் திறம் இல்லை என்று அவர் வருந்தினார். ஆராய்ச்சி என்னும் தவத்தில் கடைசிவரை நிற்பவன் ஒருவனே. அந்த ஒருவன் தாமாக இருக்க நேர்ந்ததைப் பணிவோடு ஏற்றுக்கொண்டு, வியர்வையைத் துடைத்து, கூடத்துக்குத் திரும்பினார்.

அங்கே கூட்டம் கூடியிருந்தது. இரும்புக்கடை உரிமையாளரான முத்தவல்லி, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசிகளுடன் வந்திருந்தார். கொத்தனார் தூணோரம் நின்றார். மோதினாரோ, மடித்த கைக்குட்டைமேல் ஒரு சாவியை வைத்து ஏந்தியபடி, தம்மைச் சுற்றி நடப்பவை எல்லாம் வேறெவருக்கோ நடப்பவைபோல் அமைதியாக நின்றார். முகம் வாடி, கன்னம் ஒட்டியிருந்தது. அந்தச் சாவியைக் கண்டதும் பூதக்கண்ணாடியாரின் மார்பில் இருந்த பெருமிதம் சற்றே கூச்சப்பட்டு ஒதுங்கியது.

"அஸருக்கு நேரமாகப் போகுது," என்றார் முத்தவல்லி. "ஊர் அறியாம, சத்தமில்லாம முடிச்சுக்கலாம். நான் அவரைப் போலீஸுக்கா கொடுக்கிறேன்?"

"நீங்க நல்லது நெனச்சுத்தான் செய்யறீங்க," என்றார் மோதினார். "எனக்குக் குரல் போனாலும் பரவாயில்லைங்க. திருடன்னு பேரோட போறதுதான் கஷ்டமா இருக்கு. பெட்டியை அந்த ஜன்னல்ல வெச்சேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அந்த மரப்பின்னலுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டார் பூதக்கண்ணாடியார்.

"சுவர்தான்னு நெனச்சிருந்தேன்."

"சுவரேதான்," என்றார் முத்தவல்லி. "எங்க அப்பா பொறுப்புல இருந்த காலத்துலயும் சுவர்தான்."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"யாராவது சுவரைப் போய்த் தட்டுவாங்களா?"

தம் தொழில் வாழ்வில் இப்படி ஒரு கேள்வி தமக்கு வாகாக வந்து விழும் என்று பூதக்கண்ணாடியார் கனவிலும் நினைத்ததில்லை. கைக்கண்ணாடியை எடுத்தார். நான்காம் ஜன்னலின் மரப்பின்னலை மேலிருந்து கீழாக ஆராய்ந்தார். கீலின் அருகே நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"எண்ணெய்!" என்றார். "புது எண்ணெய். இது சுவரை மறைக்கிற பலகை இல்ல. கதவு. அந்தப் பக்கத்திலிருந்து திறக்கிற கதவு. விளக்கு வாசல் வழியாப் போகவே இல்ல. சுவருக்குள்ள போயிருக்கு! இந்தப் பள்ளியோட சரித்திரத்தைக் கரைச்சுக் குடிச்ச ஒருத்தன் இதுக்குள்ள பதுங்கி இருக்கான். இடம் குறுகல், அதனால ஆள் குள்ளம். கீல் இருக்கிற பக்கத்தைப் பார்த்தா இடக்கைப் பழக்கம். தனியாள். இரக்கம் இல்லாதவன். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

எல்லாரும் தள்ளி நின்றார்கள். ஜன்னல் மேடை அவர் மார்பளவு உயரத்தில் இருந்தது. ஒருமுறை தாவினார். சுவர் அவரை ஏற்கவில்லை. கொத்தனாரைப் பார்த்தார்.

"தூக்கி விடுறேங்க," என்றார் கொத்தனார். "ஆனா நான் இதுவரைக்கும் செங்கல்தான் தூக்கியிருக்கேன். அது பேசாம வரும்."

தூக்கினார். பூதக்கண்ணாடியார் மேடைமேல் குப்புறத் தவழ்ந்து, தோளால் மரப்பின்னலை ஒரு மோது மோதினார். அசையவில்லை. மறுமுறை மோத மூச்சை நிறைத்துப் பாய்ந்த அந்தக் கணத்தில், உட்புறம் 'கிளிக்' என்று தாழ் விலகிற்று. கதவு திறந்துகொண்டது. துப்பறியும் கலை தலைகீழாக உள்ளே பாய்ந்தது. இடுப்புவரை பாய்ந்து, சட்டத்தில் இறுகி, அங்கேயே நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார்.

ஆப்பு வடிவில் ஒரு சிறிய அறை. தெருப்பக்க ஜன்னலின் வெயில் தரையில் நான்காவது பூக்கோலத்தை வரைந்திருந்தது. தொழுகைப் பாய்கள், ஒரு தேநீர்க் குடுவை, கவிழ்த்த டம்ளர்கள். வெள்ளைத் துணியின்மேல், பாதி துடைத்துப் பாதி துடைக்காமல், நீலப் பூ வேலைப்பாட்டுடன் அந்தக் கண்ணாடி விளக்கு. அதைச் சுற்றி இரண்டு பெண்கள், கையில் மெல்லிய துணிகளோடு. மூன்றாவதாக, சுவரில் சாய்ந்து தேநீர் அருந்திக்கொண்டு, அவருடைய அக்காள் மகள்.

"வாங்க மாமா," என்றாள் வாயாடி. "சந்துல கதவு இருக்கு. திறந்துதான் இருந்துச்சு."

"பொம்பளைங்க தொழற இடத்துல தலையை நீட்டுறது யாரு?" என்று மற்றொரு குரல் அதட்டியது. தலைத்துணிகள் சரேலென இழுக்கப்பட்டன. பூதக்கண்ணாடியார் கண்களை இறுக மூடிக்கொண்டார். குற்றம் நடந்த இடத்தைக் கண்டுபிடித்த கையோடு கண்ணை மூடிக்கொண்டு விசாரிக்க நேர்ந்தவர், அத்தொழிலில் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும்.

"எங்க மாமாதாங்க," என்றாள் வாயாடி. "குள்ளமா, இடக்கைக்காரனா, இரக்கமில்லாத ஒரு தனியாளைத் தேடி வந்திருக்காரு. எல்லாம் இங்கே கேட்டுச்சு."

"கீல் கிறீச்சுன்னு கத்துதுன்னு நான்தான் எண்ணெய் விட்டேன்," என்றது அதட்டிய குரல். அது உயரத்திலிருந்து வந்தது.

வெளியே எஞ்சியிருந்த பாதி உடம்பின் பக்கமிருந்து முத்தவல்லி கூவினார்: "என்ன தெரியுது?"

"உங்க வீட்டம்மா தெரிஞ்சாங்க," என்றார், முதல் நாள் முத்தவல்லி வீட்டு வாசலில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருந்த பூதக்கண்ணாடியார். "அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன். விளக்கு பத்திரமா இருக்கு."

முத்தவல்லி, தம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தொலைபேசியும் காதில் இல்லாமல், "நீயா எடுத்தே?" என்று கேட்டார்.

"நான்தான் எடுத்தேன். கொத்தனார் ஆளுங்க மிச்சக் கம்பை எல்லாம் இந்த ஜன்னல் பக்கம் சாத்திட்டுப் போயிருந்தாங்க. அதுல ஒண்ணு பெட்டி மேல சரிஞ்சுது. நான் மட்டும் கதவைத் திறந்து இழுக்காம இருந்திருந்தா விளக்கு தூளாயிருக்கும். வேலை முடியற வரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும், மோதினார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு அன்னைக்கு ராத்திரியே உங்ககிட்ட சொன்னேனே!"

"என்கிட்டயா?"

"ஒரு காதுல ஒரு ஃபோன், இன்னொரு காதுல இன்னொண்ணு. நான் சொல்லி முடிச்சதும் தலையை ஆட்டுனீங்க. எந்தக் காதுல நான் சொல்றது?"

இமாமுக்கு இன்னும் விளங்கவில்லை. "இப்படி ஓர் அறை இருக்கிறது எங்களுக்குத் தெரியாதேம்மா."

"கட்டின அம்மா தனக்குன்னு வெச்சுக்கிட்ட இடம் ஹஜ்ரத். புருஷன் கடலோட போனதுக்கப்புறம், இங்கே உட்கார்ந்துதான் அந்த விளக்கைப் பார்த்துக்கிட்டே தொழுவாங்களாம். எங்க மாமியார் காட்டினாங்க, அவங்களுக்கு அவங்க மாமியார். பொம்பளைங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். நீங்க யாரும் கேட்டதில்ல."

பூதக்கண்ணாடியார் சட்டத்தில் தொங்கியபடியே நினைத்துப் பார்த்தார். பேசக்கூடாது என்று ஆறு பேர் இரகசியத்தை அத்தனை கட்டுக்கோப்பாகக் காத்திருக்கிறார்கள். விடை தெரிந்த ஒரே பக்கத்துக்கு அது கடுகளவும் கசியாதபடி காத்திருக்கிறார்கள். வெந்த விரல்கள், போன பல், கையால் அளந்த கட்டடக் கலை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் தண்ணீர் சொட்டும் ஒரு டம்ளரை வைத்தார். டம்ளர் தாழ்ந்தது.

"நீ இரகசியத்தைச் சொல்லிட்டியா?" என்று கண்ணைத் திறக்காமலே மருமகளைக் கேட்டார்.

"சொல்ல ஆரம்பிச்சேன் மாமா. விளக்குன்னு சொன்னதும் இவங்க விளக்கைக் காட்டிட்டாங்க. மிச்சத்தை டீயோட சொன்னேன். உங்களுக்கு ஒரு டம்ளர் ஊத்தட்டுமா?"

அதற்கு அவர் விடை சொல்லுமுன் கொத்தனார் இரு கால்களையும் பற்றி ஓர் இழு இழுத்தார். துப்பறியும் கலை வந்த வழியே வெளியேறிப் பாய்மீது அமர்ந்தது.

திறந்திருந்த ஜன்னலுக்குள் மற்றவள் வந்து நின்றாள். அவள் மோதினாரின் மனைவி. விளக்கை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். இந்த நான்கு நாளும் அவள் துடைத்துக்கொண்டிருந்த பொருளைத்தான் கணவர் திருடியதாக ஒரு வழக்கு நடந்திருக்கிறது என்பது, வாயாடியின் தேநீர் ஆறுவதற்குள்தான் அவளுக்குத் தெரியவந்திருந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன, குரல் சிவக்கவில்லை.

"வயிறு சரியில்லன்னு சொன்னீங்க."

மோதினார் சாவியைப் பார்த்தார். "மனசு சரியில்லன்னு சொன்னா, ஏன்னு கேப்பியே."

"கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நாலு நாளா நான் கஞ்சி வெச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன், நீங்க அதையும் குடிக்காம மூடி வெச்சிருக்கீங்க. அடுத்த வேளை பாங்கு சொல்லத் தெம்பு வேண்டாமா?"

"உனக்குத் தலைகுனிவு வேண்டாம்னுதான்."

"எனக்கு எதுக்குத் தலைகுனிவு? நீங்க திருடலன்னு எனக்குத் தெரியாதா?"

மோதினார் இரு கைகளையும் நீட்டினார். கைக்குட்டையும் சாவியும் பாய்மீது விழுந்தன. அவள் ஜன்னல் வழியே விளக்கை அவர் கைகளில் வைத்தாள். அதன் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை.

முத்தவல்லி குனிந்து அந்தச் சாவியை எடுத்தார். எடுத்ததை எங்கே வைப்பது என்று அறியாதவர்போல் சற்றுநேரம் நின்றார். பின் மோதினாரின் சட்டைப்பையில் அதைத் தாமே போட்டார். "பேச வாய் வரல," என்றார். "சொன்னதைக் கேட்கல, சொல்லாததை நம்பிட்டேன். உங்களை ஊரை விட்டே அனுப்பப் பார்த்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

மோதினார் விளக்கை இமாமிடம் ஒப்படைத்தார். வெளியே சென்று, தொழுமுன் கை கால் முகம் கழுவும் ஒளுச் செய்தார். முகத்தில் தண்ணீரை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். ஈரம் சொட்டத் திரும்பி வந்து, எவரையும் பாராமல், கூடத்தின் ஓரத்தில் கிப்லாவை நோக்கி நின்று, மெல்லத் தரையில் நெற்றியை வைத்தார். அது கூட்டுத் தொழுகை அன்று. அதற்கு இன்னும் வேளை வரவில்லை. காத்தவனுக்கு ஓர் அடியான் தனியே செலுத்தும் நன்றி அது. அந்த முதுகு ஒருமுறை குலுங்கிற்று. பிறகு நெடுநேரம் அசையவில்லை. மீண்டும் சாத்திய நான்காம் ஜன்னலின் மரப்பின்னலுக்கு அப்பால் இன்னும் ஒரு நிழல் அவ்வாறே தாழ்ந்து தரையோடு தரையாயிற்று. பூதக்கண்ணாடியார் தம்மை அறியாமல் எழுந்து நின்றார்.

மோதினார் எழுந்தார். முத்தவல்லியிடம் வந்து அவருடைய கைகளைத் தம் கைகளுக்குள் ஒருமுறை பற்றி விட்டார். பின் இரு உள்ளங்கைகளையும் ஏந்தினார். சுற்றி நின்ற எல்லாக் கைகளும் ஏந்தின. சுண்ணாம்பில் வெந்த கைகளும் அவற்றுள் இருந்தன.

"யா அல்லாஹ், இந்த மனுஷனோட உழைப்புல பரக்கத்தைக் கொடு. இவர் வீட்டுல சொல்ற வாய்க்கு, கேட்கிற காதைக் கொடு. எங்களுக்காக அலைஞ்ச இவருக்கும், கூட வந்த இந்தப் பொண்ணுக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சிரிப்பையும் கொடு. சந்தேகப்பட்ட நெஞ்சையும், அதால நொந்துபோன நெஞ்சையும் ஒரே தண்ணியில கழுவி விடு. இந்த இடத்தைக் கட்டினவங்களோட உறங்கும் இடத்தை வெளிச்சமாக்கி வை. இனிமே இங்கே வர்ற யாரும் மனசு உடைஞ்சு திரும்பாம நீயே பார்த்துக்கோ."

"ஆமீன்," என்றது கூடம். "ஆமீன்," என்றது சுவர்.